கஞ்சாச் செடியில் பூச்சியும் பூஞ்சையும்: எங்கே பார்ப்பது, எப்போது கைவைப்பது

வெளியில், மண்ணிலோ பெரிய தொட்டியிலோ கஞ்சாச் செடி வளர்க்கத் தொடங்கியவர்கள் முதலில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இலையில் புள்ளி விழுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்? பதில் சொல்வதற்கு முன் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? செடி பூ விட்டுவிட்டதா? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சட்டம் அனுமதிக்கிற இடத்தில், அனுமதித்த எண்ணிக்கைக்குள் வளர்ப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பல நாடுகளில் ஒரே ஒரு செடி வைத்திருப்பதும் குற்றம், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூ விட்டதா என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளியில் எதையாவது தெளித்தால் கழுவிவிட்டுச் சாப்பிடுகிறோம். இந்தச் செடியில் நமக்கு வேண்டியது பெண் செடியின் பூங்கொத்து. அதற்குத் தோல் கிடையாது, உரிக்க முடியாது, பிசின் சுரப்பிகள் அப்பிக்கிடப்பதால் மேலே விழுந்தது எதுவானாலும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் காயவைத்து, பலர் சூடாக்கி மூச்சோடு உள்ளே இழுக்கிறார்கள். வயிற்றுக்குள் போகிற காய்கறிக்குச் சோதித்துப் பார்த்த மருந்து, நுரையீரலுக்குள் போகிற பொருளுக்கும் பொருந்தும் என்று யாரும் உறுதி தரவில்லை. மைக்ளோபியூட்டானில் என்ற பூஞ்சைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சை போன்ற பயிர்களில் சாம்பல் நோய்க்கு (இலையில் வெள்ளை மாவு போலப் படிகிற பூஞ்சை) வழக்கமாக அடிக்கிற மருந்து அது, ஆனால் சூட்டில் சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவை விடுகிறது. "காய்கறிக்கு அடிக்கிறார்களே" என்ற வாதம் இங்கே செல்லாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே பருவத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இலையும் கிளையும் வளர்கிற காலத்தில் சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய், கந்தகம் என்று கையில் நிறைய இருக்கிறது. பகல் நேரம் குறையக் குறையச் செடி பூப்பதற்குத் திரும்பும், பூங்கொத்து உருவானபின் மிஞ்சுவது கத்தரிக்கோல், தண்ணீர், நல்ல பூச்சிகள், அப்புறம் கண். முதல் பாதியில் சுத்தமாக வைத்திருந்தால்தான் இரண்டாம் பாதியில் நிம்மதி.

பார்ப்பது எப்படி

வாரத்துக்கு இரண்டு முறை, காலை வெளிச்சத்தில், பத்து மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டுகிற கைலென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி மடக்கு லென்ஸ் போதும். உச்சியை விட்டுவிட்டுக் கீழேயிருந்து ஆரம்பியுங்கள், செடியின் உள்பக்கம், காற்றும் வெயிலும் குறைவாகப் போகிற இடத்து இலைகள்தான் முதலில் கெடும். இலையைத் திருப்பி நடு நரம்பின் ஓரமாகப் பாருங்கள். பெரும்பாலான பூச்சிகள் குடித்தனம் நடத்துவது அங்கேதான்.

எல்லா மஞ்சளும் நோய் கிடையாது. கீழே உள்ள முதிர்ந்த இலை முழுசும் ஒரே சீராக வெளிறி, லென்ஸில் எதுவும் தெரியவில்லை என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருக்கலாம், பூக்கும் கடைசிக் காலத்தில் அது இயல்பாகவே நடக்கும். புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, அல்லது ஓரம் சுருண்டு வந்தால்தான் பூச்சியையோ நோயையோ தேட வேண்டும்.

சாறு உறிஞ்சுகிறவை

சிலந்திப்பேனிலிருந்து ஆரம்பிக்கிறேன், வெயில் காலத்தில் இந்தச் செடிக்கு இதைவிடப் பெரிய தலைவலி குறைவு. இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல வெளிர் புள்ளிகள் நிறைய விழும். திருப்பிப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் அளவில் மெதுவாக நகரும் தூசி மாதிரி தெரியும். லென்ஸை வைத்தால் வெளிர் மஞ்சள் உடல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி, எட்டுக் கால், பக்கத்திலேயே கண்ணாடி மணி போல உருண்டை முட்டைகள், உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினாலும் போதும், கீழே விழுந்த தூசியில் சில நகர ஆரம்பித்தால் அதுதான். வலை பின்னிய பிறகு கண்டுபிடித்தவர்கள் தாமதமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். சூடும் வறட்சியும் சேர்ந்து 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக ஒரு வாரம், கொஞ்சம் கூடுதலாக ஆகலாம், அவ்வளவுதான். அதனால்தான் ஒரு தடவை மருந்து அடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டால் வேலைக்கு ஆகாது. வளர்ந்தவை செத்திருக்கும், முட்டை அப்படியே இருக்கும், அடுத்த வாரம் மறுபடி கூட்டம். நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது திருப்பிச் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம், சிலந்திப்பேன் பூச்சி இனமே கிடையாது, சிலந்தியின் உறவு. பூச்சிக்கு என்று விற்கிற பல மருந்துகள் அதைத் தொடாது, அதைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் வேட்டைப் பேன்களையும் மட்டும் கொன்றுவிட்டுப் போகும். மருந்து அடித்தபின் பேன் இன்னும் அதிகமாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மைதான்.

பூக்கும் முன் என்றால் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், பிறகு பூச்சிக்கென்றே விற்கிற பொட்டாசியம் சோப்பைக் கரைத்து, இலை நனைந்து சொட்டும்வரை அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியுங்கள். இந்தச் சோப்பு ஈரமாக இருக்கிற நேரத்தில், உடலில் பட்ட பூச்சியைத்தான் கொல்லும், காய்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. பாத்திரம் கழுவுகிற திரவத்தை அதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள், இலை கருகும். பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் என்ற வேட்டைப் பேனைச் சில இடங்களில் விலைக்கு வாங்கலாம், அது சிலந்திப்பேனை மட்டுமே தின்று வாழும், பூக்கும் காலத்திலும் விடலாம். சோப்போ எண்ணெயோ தெளித்த உடனே விட்டால் அதுவும் செத்துப்போகும் என்பதை மறக்க வேண்டாம்.

அசுவினியைக் கண்டுபிடிப்பது சுலபம். இளந்தண்டிலும் இலை அடியிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், கீழ் இலைகள் பிசுபிசுவென்று பளபளக்கும், அந்தத் தேன் போன்ற கழிவில் கரும்பூஞ்சை படியும். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறுகிறதா? மேலே அசுவினி இருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். இனிப்புக்காக எறும்புகள் அசுவினியைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும், ஆகவே தண்டைச் சுற்றிப் பசைப்பட்டை கட்டி எறும்பை நிறுத்துவதே பாதி வைத்தியம். மீதியைத் தண்ணீர்ப் பீய்ச்சலும் சோப்பும், பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் பார்த்துக்கொள்ளும். முட்டை கூட இல்லாமல் நேராகக் குட்டி போடுகிற பூச்சி இது, ஒரு வாரம் அசந்தால் நிலைமை மாறிவிடும்.

இலைப்பேன் என்றால் இலையில் வெள்ளி பூசின மாதிரிக் கீறல்கள், அதன்மேல் மிளகுப்பொடி தூவியது போன்ற கருப்புக் கழிவு. வெள்ளை ஈ என்றால் கிளையை அசைத்ததும் குபுக்கென்று பறக்கும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, இலைப்பேனுக்கு நீல ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள், ஆனால் பொறியை எண்ணிக்கை தெரிந்துகொள்ள வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், வெளியில் அது மட்டும் போதாது. தத்துப்பூச்சி வந்து போகும், நல்ல வளர்ச்சியுள்ள செடி அதைத் தாங்கிக்கொள்ளும்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. கஞ்சாவுக்கென்றே இருக்கிற துருப்பேன், 0.2 மில்லிமீட்டர் நீளம், புழு மாதிரி உருவம். இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, செடி மங்கி, தண்டும் காம்பும் லேசாகப் பழுப்புப் பூசியது போல ஆனால் லென்ஸைத் தூக்குங்கள், முப்பது மடங்காவது இருந்தால் நல்லது. இது பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கி வந்த பதியன் வழியாகத்தான் வரும். புதிய கன்று எதுவானாலும் இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.

வேப்பெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. லிட்டருக்கு 5 மில்லி, கலப்பதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்கால நேரம், முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து மறுநாள் பார்ப்பது. நல்ல பொருள்தான், பூச்சியின் பசியையும் வளர்ச்சியையும் கெடுக்கும், ஆனால் அந்த வாசனையும் எண்ணெயும் பூவில் பட்டால் போகாது. பூ தெரிந்த நாளோடு நிறுத்திவிடுங்கள்.

புழுவும் அழுகலும் ஒரே கதை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்கொத்து திரள ஆரம்பித்ததும் இரவில் அந்துப்பூச்சிகள் வந்து தனித்தனியாக முட்டை வைத்துவிட்டுப் போகும். ஹெலிகோவெர்ப்பா இனத்துக் காய்ப்புழுக்கள் இதில் முக்கியமானவை, பருத்தியையும் மக்காச்சோளத்தையும் துளைக்கிற அதே குடும்பம். முட்டையிலிருந்து வெளிவந்த புழு நூல் அளவுதான் இருக்கும், நேராகப் பூங்கொத்துக்குள் புகுந்து உள்ளேயே தின்னும், வளர்ந்தால் 4 சென்டிமீட்டர் வரை போகும், நிறம் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். அது தின்பதை விட அது விட்டுச் செல்வதுதான் சேதம். கடித்த காயம், ஈரமான கழிவு உருண்டைகள், காற்றுப் புகாத அடர்த்தி, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பொட்ரைட்டிஸ் சினேரியா என்ற பூஞ்சை குடியேறும். பூ அழுகல் என்று வளர்ப்பவர்கள் சொல்வது அதைத்தான். புழு இல்லாமலும் அது வரும், மழையோ பனியோ பூங்கொத்துக்குள் தங்கினாலே போதும், 15 முதல் 25 டிகிரி வரையான குளிர்ச்சியான, ஈரமான, காற்றில்லாத நாட்கள் அதற்கு மிகவும் பிடித்தவை. அறுவடைக்கு முந்தைய வாரங்கள் இலையுதிர்காலத்தில் சரியாக இந்தத் தட்பவெப்பத்தில் வந்து விழுவதுதான் வெளியில் வளர்ப்பவர்களின் துரதிர்ஷ்டம்.

முதல் அறிகுறி மிகச் சின்னது. செடி முழுக்கப் பச்சையாக இருக்கும், ஒரு பெரிய பூங்கொத்தின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஒற்றைச் சிற்றிலை மட்டும் மஞ்சளாகி வாடியிருக்கும். அதை மெதுவாக இழுங்கள். நல்ல இலை என்றால் காம்பு இழுத்துப் பிடிக்கும். அழுகல் இருந்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும், அடிநுனி பழுப்பாகக் குழைந்திருக்கும். அந்த இடத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால் உள்தண்டு பழுப்பாகிச் சதசதவென்று இருக்கும், இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால் சாம்பல் நிற மயிர் படர்ந்து, தொட்டவுடன் புகை மாதிரித் தூள் எழும். அந்தத் தூள்தான் வித்துகள், அதை ஊதவோ கிளையை உலுக்கவோ கூடாது, பக்கத்துப் பூங்கொத்துகளுக்கெல்லாம் போய்ச் சேரும்.

இதற்கு மருந்து கிடையாது, அழுகின பூவைத் திருப்பிக் கொண்டுவர எதனாலும் முடியாது. ஒரு பையைப் பூங்கொத்தின் மேல் மெதுவாகப் போர்த்தி, அழுகல் தெரிகிற இடத்துக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆரோக்கியமான தண்டையும் சேர்த்து வெட்டி, பையோடு கட்டி வெளியேற்றுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கிருமிநீக்கும் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். வெட்டின செடியை அன்று மாலையும் மறுநாள் காலையும் திரும்பப் பாருங்கள், ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கும். "பாதிதானே கெட்டிருக்கிறது, மீதியைக் கிள்ளி வைத்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். பெரிய பூங்கொத்தை இழக்கிற வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் வைத்துக்கொள்ளாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற எல்லையைத் தாண்டிப் பூஞ்சை இழைகள் உள்ளே ஓடியிருக்கும்.

தடுப்பதற்கு நிறைய வழி இருக்கிறது. புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. என்பார்கள், ஒரு மண் பாக்டீரியா. அதைப் புழு தின்றால்தான் வேலை செய்யும், தின்றபின் ஊணை நிறுத்திவிட்டுச் சில நாளில் சாகும், தேனீக்கோ பொறிவண்டுக்கோ ஒன்றும் ஆகாது. சின்னப் புழுவில் நன்றாகக் கேட்கும், வளர்ந்த புழுவில் அவ்வளவு கேட்காது. வெயில் பட்டால் சில நாளில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் தெளிப்பதும், அந்துப்பூச்சி நடமாடும் காலத்தில் வாரம் ஒருமுறை திருப்பி அடிப்பதும் நல்லது. பூ துளிர்க்கும் முன்பும் துளிர்க்கும் தொடக்கத்திலும்தான் இதற்குப் பலன், பூங்கொத்து இறுகியபின் உள்ளே இருக்கிற புழுவை இது எட்டாது. அப்போது கழிவு உருண்டையைப் பார்த்துக் கையால் பிடுங்க வேண்டியதுதான். கை வலிக்கும், ஆனால் வேறு எதுவும் இதைவிடச் சுத்தமாக வேலை செய்யாது. ஒன்றிரண்டு செடிதான் என்றால் நுண்ணிய வலையைப் போர்த்தி அந்துப்பூச்சியையே தடுத்துவிடலாம்.

ஈரத்துக்கு: செடிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விடுங்கள், உள்பக்கத்து நிழல் இலைகளையும் தரையைத் தொடுகிற கிளைகளையும் பூக்கும் முன் கழித்துவிடுங்கள், தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். மழை விட்டதும் தண்டைப் பிடித்து லேசாக அசைத்து நீரை உதறுங்கள் (அழுகல் இல்லாத செடியில் மட்டும்). தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் தாள் ஒன்றைக் கட்டலாம், பக்கவாட்டில் திறந்திருக்கட்டும், மூடிக் கட்டினால் உள்ளே புழுக்கம்தான் சேரும். அடுத்த தடவை விதை தேர்ந்தெடுக்கும்போது கல் மாதிரி இறுகுகிற ரகத்தை விட்டுவிட்டு, தளர்வாகப் பூக்கிற, சீக்கிரம் முதிர்கிற ரகத்தைப் பாருங்கள், ஈரமான இடத்தில் இது எந்தத் தெளிப்பையும் விடப் பெரிய பாதுகாப்பு. பூ கிட்டத்தட்ட முதிர்ந்துவிட்டது, பிசின் சுரப்பிகள் பெரும்பாலும் பால் நிறமாகிவிட்டன, தொடர்ந்து பல நாள் மழை வரப்போகிறது என்றால் நான் வெட்டிவிடச் சொல்வேன். கொஞ்சம் முன்னால் வெட்டிய பூ, அழுகின பூவை விட எவ்வளவோ மேல்.

வெள்ளையாகப் படிகிறது, அது என்ன?

இலையின் மேல் கோதுமை மாவு தூவின மாதிரி வட்ட வட்டமாக வந்தால் அது சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் போய்விடும், ஓரிரு நாளில் திரும்ப வந்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் பூவைச் சுற்றியுள்ள சிற்றிலைகளில் மின்னுகிற பிசின் சுரப்பிகளைப் பார்த்துப் பூஞ்சை என்று பயந்துவிடுவதும் நடக்கிறது, அதற்கு நேர்மாறாகப் பூஞ்சையைப் பிசின் என்று சந்தோஷப்படுவதும் நடக்கிறது. லென்ஸில் பார்த்தால் சந்தேகம் வராது: சுரப்பி என்றால் ஒவ்வொன்றும் காம்பும் தலையுமாகக் கண்ணாடிக் காளான் போலத் தனித்தனியாக நிற்கும், சாம்பல் நோய் என்றால் இழைகள் பின்னிக் கிடக்கும். மற்றப் பூஞ்சைகளைப் போல இதற்கு இலை நனைந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, காற்றில் ஈரப்பதமும் நிழலும் மிதமான சூடும் இருந்தால் போதும். அதனால் மழையே இல்லாத வாரத்திலும் வரும்.

பூக்கும் முன் என்றால் பாதித்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, பொட்டாசியம் பைகார்பனேட் கரைசலை வாரம் ஒருமுறை அடிக்கலாம். நனையும் கந்தகத் தூளும் (தண்ணீரில் கலந்து தெளிக்கிற வகை) நன்றாகக் கேட்கும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ அடித்த இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் கருகும். பூவில் கந்தகம் வேண்டவே வேண்டாம், எரிக்கும்போது அதன் காட்டம் தொண்டையைப் பிடிக்கும். பூவுக்கே பரவிவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எறிவதுதான் வழி.

இலையின் மேல் நரம்புகளுக்குள் அடங்கிய மஞ்சள் கட்டங்களும், அதே இடத்தில் அடிப்பக்கம் சாம்பல் படலமும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய், பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆள் வேறு. இதற்கு இலை நனைவது தேவை, அதனால் மேலே தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, பாதித்த இலைகளை எடுத்துவிடுங்கள்.

வெட்டிய பிறகு

அறுவடையோடு ஆபத்து முடியவில்லை. பெரிய பூங்கொத்துகளை முழுசாகத் தொங்கவிடாமல் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தண்டையும் பார்த்துவிட்டு, 15 முதல் 20 டிகிரி சூட்டில், 50 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில், காற்று நடமாடும் இருட்டில் காயவிடுங்கள். மெல்லிய தண்டு வளையாமல் முறிகிற வரை ஜாடியில் அடைக்கக் கூடாது. அடைத்தபின் முதல் வாரம் தினமும் திறந்து முகர்ந்து பாருங்கள், அம்மோனியா நெடியோ ஈரத்துணி நாற்றமோ அடித்தால் உள்ளே ஏதோ கெட ஆரம்பித்துவிட்டது. சேமித்த பூவில் வளர்கிற அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் மூச்சோடு போனால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரலில் கடுமையான தொற்று வரலாம். மருந்தாகப் பயன்படுத்துகிறவர்களில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு இது உயிர் விஷயம். பூஞ்சை பிடித்ததைப் பொடியாக்கி எண்ணெயில் போட்டால் சரியாகிவிடும், சமைத்தால் போய்விடும் என்று சொல்வதை நம்பாதீர்கள், பூஞ்சை செத்தாலும் அது உண்டாக்கிய சில நச்சுகள் சூட்டைத் தாங்கி நிற்கும்.

வெட்டியெறிந்த தண்டுகளையும் உதிர்ந்த இலைகளையும் அதே இடத்தில் விட்டுவிடாதீர்கள். பொட்ரைட்டிஸ் கருப்புக் கட்டிகளாக உறங்கிக்கொண்டு அந்தக் குப்பையில் அடுத்த பருவம் வரை காத்திருக்கும், சில புழுக்களின் கூட்டுப்புழு மேல்மண்ணில் கிடக்கும். குப்பையைப் பையில் கட்டி அகற்றுங்கள், தொட்டிகளையும் குச்சிகளையும் கழுவிக் காயவையுங்கள், மேல்மண்ணைக் கிளறி வெயிலில் விடுங்கள், சுற்றியுள்ள களைகளையும் எடுத்துவிடுங்கள், சிலந்திப்பேனும் அசுவினியும் அடுத்த செடி வரும்வரை தங்குவது அவற்றில்தான்.